பற்று நோட்டு

அப்பாவின் மளிகைக்கடையில் கல்லாவுக்கு மேலே இரண்டு தொங்கின. வேதவசனம் போட்ட நாட்காட்டி ஒன்று. பக்கத்தில், சிவப்புப் பெயின்டில் ‘கடன் அன்பை முறிக்கும்’ என்று எழுதிய தகரம். அந்தத் தகரத்துக்கு நேர் கீழே உட்கார்ந்துதான் அப்பா நாள் முழுக்கக் கடன் எழுதினார். செம்மணல் தேரியை ஒட்டிய ஊர். பதநீர் இறங்குகிற மாதங்களில்தான் பனையேறிகள் கையில் காசு புழங்கும். மிச்ச மாதங்களை எங்கள் கடை நோட்டில்தான் ஓட்டியாக வேண்டும். தகரத்தை நம்பிக் கடையை நடத்தியிருந்தால் இரண்டே மாதத்தில் பூட்டியிருப்போம்.

நோட்டு நீளவாக்கில் மடித்துத் தைத்தது. அட்டையில் நூல் கட்டிய பென்சில். வீட்டுக்கு ஒரு பக்கம். இடப்புறம் பற்று, வலப்புறம் வரவு. பெரும்பாலான பக்கங்களில் இடப்புறம் நிரம்பி வழியும், வலப்புறம் வெள்ளையாகக் கிடக்கும். பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர் துறவு அதிகாரம் நடத்தி, பற்றை விடுவதைப் பற்றிச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விடவேண்டிய பற்றெல்லாம் அப்பாவிடம் தேதிவாரியாக இருக்கிறதே!

ஞாயிறு கடை கிடையாது. கோயிலுக்குப் போவோம். (எங்கள் பக்கத்தில் சர்ச் என்று சொல்ல மாட்டோம். கோயில்தான், போதகர் ஐயர்தான்.) பரமண்டல ஜெபத்தில், மற்றவர் நமக்குப் பட்ட கடனை நாம் விடுகிறபடி நம் கடனும் விடப்பட வேண்டும் என்று கேட்கிற இடம் வரும்போது எனக்கு அந்த நோட்டு ஞாபகம் வரும். அப்பாவின் கடனாளிகளில் பாதிப் பேர் முன்னும் பின்னும் உட்கார்ந்து அதே ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் அந்த இடத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்வதாகவும், அப்பா கொஞ்சம் முணுமுணுப்பதாகவும் எனக்குத் தோன்றும்.

பாளையங்கோட்டையில் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன் வீரபாண்டியன்பட்டினத்துக்காரன், கத்தோலிக்கன். அவன் பரலோக மந்திரம் சொல்லும்போது கடன் வரவில்லை. பாவம் வந்தது, ‘பொறுத்தருளும்’ வந்தது. அவன் வீட்டுப் பெரியவர்களிடம் கற்ற பழைய வடிவம் அது. உங்கள் ஜெபம் வட்டிக்கடை ஜெபம் என்று அவன் கேலி செய்வான். பதில் சொல்லத் தெரியாமல் எனக்குக் கோபம் மட்டும் வரும். பதில் கிடைக்கப் பல வருடம் ஆயிற்று.

மத்தேயு எழுதிய கிரேக்கத்தில் அந்த இடத்தில் இருப்பது கடன்தான். ஓஃபைலேமா என்ற சொல். இயேசு பேசிய அரமேய மொழியில் ‘ஹோபா’ என்றால் கடன் என்றும் பொருள், பாவம் என்றும் பொருள். அந்த ஊர்க் குடியானவனுக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கவே வழி இருந்திருக்காது. கடன் கட்ட முடியாதவன் நிலத்தை இழப்பான், பிறகு பிள்ளைகளை அடிமையாக விடுவான். ஏழாம் வருடம் கடனை விட்டுவிட வேண்டும் என்று மோசேயின் சட்டம் சொன்னது ஆன்மிக உவமையாக அல்ல. பசி தாங்காத ஒரு நாட்டுக்குப் போட்ட சட்டமாக. லூக்கா மட்டும் முதல் பாதியில் பாவம் என்று மாற்றிவிட்டு, மறுபாதியில் கடன்பட்டவன் என்பதை அப்படியே விட்டுவைத்தார்.

தமிழில் இன்னொரு வசதியும் கிடைத்துவிட்டது. கடன் என்றால் நமக்குக் கடமையும்கூட. காலைக்கடன், நேர்த்திக்கடன், பிள்ளையைப் பெற்று வளர்ப்பது தாயின் கடன் என்று சொன்ன சங்கப் புலவரின் கடன். ஓஃபைலேமா பிறந்த கிரேக்க வினைக்கும் இதே இரட்டைத்தன்மை உண்டு: கொடுக்க வேண்டியிருத்தல், செய்ய வேண்டியிருத்தல். ஆகவே எங்கள் கோயிலில் அந்த ஜெபத்தைச் சொல்லும்போது, செய்த குற்றங்களோடு செய்யாமல் விட்டவையும் சேர்ந்துதான் வருகின்றன. போகாத துக்க வீடு. எழுதாத கடிதம். ஆஸ்பத்திரியில் கிடந்த சித்தியைப் பார்க்காமலே கடந்துபோன மாதம். குற்றம் என்று எந்த நீதிமன்றமும் இவற்றை எழுதாது, ஆனால் பற்றுப் பக்கத்தில் இவை இருக்கின்றன. பவுல் ரோமருக்கு எழுதும்போது யாருக்கும் எந்தக் கடனும் வைக்காதீர்கள், அன்பு ஒன்றைத் தவிர என்று சொல்வதும் இந்தச் சொல்லை வைத்துத்தான். அன்பு அவருக்கு அடைத்து முடிக்க முடியாத கடன். வட்டிக்கடை ஜெபம் என்று சொன்ன நண்பனிடம் இதை இப்போது சொல்லலாம். அவன் பொறுத்தருளும் என்ற சொல்லைக் காட்டி என்னை மடக்கவும் கூடும். பொறுத்தல் என்பது சுமத்தல். தன்னை வெட்டுகிறவனையே தாங்கும் நிலத்தை வள்ளுவர் காட்டினாரே, அந்தப் பொறை. விட்ட கடனின் சுமையை யாரோ ஒருவர் தாங்கத்தான் வேண்டும் என்பதை அவன் சொல் என் சொல்லைவிட வெளிப்படையாகவே சொல்கிறது.

இந்தக் கடனோடு சேர்ந்து எனக்கு எப்போதும் நினைவுக்கு வருகிறவர் யோகான் பிலிப் ஃபப்ரீசியஸ். ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி. 1740இல் தமிழ்நாட்டுக்கு வந்தவர், பிறகு சென்னை வேப்பேரியிலேயே ஆயுளைக் கழித்தார். வேதாகமத்தைத் தமிழில் மறுபடி மொழிபெயர்த்தார், ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தார், 1779இல் தமிழ் - ஆங்கில அகராதி அச்சிட்டார். 1761இல் ஆங்கிலேயப் படை புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றிய அச்சு இயந்திரம்தான் வேப்பேரி மிஷனுக்கு வந்து சேர்ந்தது. எங்கள் தாத்தாக்கள் கையில் இருந்த 1871ஆம் வருடத்து வேதாகமம், ஹென்றி பவர் தலைமையிலான குழு செய்தது, பெரும்பாலும் ஃபப்ரீசியஸ் போட்ட பாதையில் நடந்ததுதான்.

இத்தனையும் செய்த மனிதர் வயதான காலத்தில் கடனுக்காகச் சிறைக்குப் போனார். மற்றவர்கள் நம்பி அவரிடம் ஒப்படைத்த பணத்தை வட்டிக்கு விட்டார். வாங்கியவர்கள் திருப்பவில்லை. வாழ்நாளெல்லாம் வசனத்தின் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்தவருக்கு மனிதர்களை நிறுத்துப் பார்க்கத் தெரியவில்லை போலும். சபை வரலாறுகள் இந்த அத்தியாயத்தைக் கொஞ்சம் வேகமாகத் தாண்டும். எனக்கோ அங்கேதான் நிற்கத் தோன்றுகிறது. நம் ஜெபத்தின் அந்த வரியைச் சிறையில் உட்கார்ந்து ஒரு கிழவர் தினமும் தமிழிலோ ஜெர்மனிலோ சொல்லியிருப்பார். ஜெர்மன் மொழியிலும் ‘ஷுல்ட்’ என்றால் கடனும் குற்றமும் ஒன்றே. அவர் யாருடைய கடனாளி, யார் அவருடைய கடனாளி? பணத்தைத் தந்தவர்களிடம் அவர் குற்றவாளி, வாங்கி ஏமாற்றியவர்களிடம் அவர் இளித்தவாயன். நாமெல்லாரும் ஏறக்குறைய அந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறோம்.

மன்னிப்பைப் பற்றிய பிரசங்கம் என்றால் மத்தேயு 18ஆம் அதிகாரத்துக்கு வராமல் முடியாது. சகோதரனை எத்தனை தடவை மன்னிப்பது, ஏழு போதுமா என்று பேதுரு கேட்கிறார். அவரும் ஒரு நோட்டுப் போடத்தான் பார்த்தார். பதிலாக வருவது ஒரு கதை. ராஜாவிடம் 10,000 தாலந்து கடன்பட்டவன் காலில் விழுகிறான், எல்லாம் தள்ளுபடி ஆகிறது. அவன் வெளியே வந்து, தனக்கு 100 வெள்ளிக்காசு தரவேண்டிய உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான்.

நான் கேட்ட பிரசங்கங்களில் பெரும்பாலானவை அந்த 100 காசை அற்பமாக்கிவிட்டுத்தான் மேலே போகும். கடவுள் உனக்கு விட்டது மலை, அடுத்தவன் உனக்குச் செய்தது தூசி, தூசிக்கா சண்டை? கடைக்காரன் மகனுக்கு இந்தக் கணக்கு உதைத்தது. அந்தக் காசு ஒன்று கூலியாளின் ஒரு நாள் கூலி. தாலந்து ஒன்றுக்கு 6,000 காசு. அப்படியானால் 10,000 தாலந்து 6 கோடி நாள் கூலி. வருடத்துக்கு 300 நாள் உழைத்தாலும் 2 லட்சம் வருடம். நாளைக்கு 500 ரூபாய் என்று வைத்தால் 3,000 கோடி. மனிதனால் அடைக்கவே முடியாத தொகை, அதுதான் கதையின் வேடிக்கை. ஆனால் மற்றவனின் 100 காசு? அது 100 நாள் கூலி. 50,000 ரூபாய். எங்கள் ஊர்ப் பனையேறிக்கு அது மூன்று மாதத்துச் சோறு, ஒரு பிள்ளையின் படிப்பு, ஒரு பிரசவம். அதைத் தூசி என்று சொல்ல மேடையில் நிற்கிறவரால் முடியலாம், இழந்தவனால் முடியாது. கதை சொன்னவர் தச்சர், கூலி தெரிந்தவர். அற்பமான தொகைதான் வேண்டும் என்றால் இரண்டு காசு என்று சொல்லியிருப்பார். 100 என்று சொன்னார். உனக்குச் செய்யப்பட்ட தீங்கு உண்மையானது, அதற்கு எடை உண்டு என்று ஒத்துக்கொண்டுதான் அதை விடச் சொல்கிறார்.

‘மறந்துடு’ என்று சொல்வதும் ‘மன்னிச்சுடு’ என்று சொல்வதும் நம் வீடுகளில் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன. மறப்பதற்கு நோட்டு வேண்டாம். தொகை தெரியாமல் தள்ளுபடி செய்ய முடியுமா? எவ்வளவு போயிற்று என்று கூட்டிப் பார்க்கிறவனை மன்னிக்காதவன் என்று நாம் நினைக்கிறோம். கூட்டிப் பார்க்காமல் மன்னித்ததாகச் சொன்னவர்களின் மன்னிப்புதான் அடுத்த கல்யாண வீட்டில், பந்தியில், சம்பந்தமில்லாத பேச்சில், வட்டியோடு வெளியே வருகிறது.

எங்கள் வீட்டில் அந்தத் தொகை 18,000 ரூபாய். 1988இல் தாத்தாவின் விளையை விற்றபோது பெரியப்பா வாங்கி வைத்துக்கொண்ட அப்பாவின் பங்கு. கல்யாணச் செலவு, பிறகு தருகிறேன், அப்புறம் பார்க்கலாம், என்ன பணம் என்று அது நான்கு படி இறங்கியது. ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் அப்பா பெரியப்பாவின் சட்டையைப் பிடித்துவிட்டார். ஊர் பார்த்தது. அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை.

பேசாமல் இருக்கலாம், ஆனால் கோயில் ஒன்றுதான். மாதத்தில் ஒரு ஞாயிறு நற்கருணை. வாசல் பக்கத்து பெஞ்சிலிருந்து எழுந்து பீடத்தண்டையில் போய் முழங்கால்படியிட வேண்டும், ஒரே பாத்திரத்தில் எல்லாரும் குடிக்க வேண்டும். பெரியப்பா போவார். அப்பா பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார். சகோதரனோடு மனத்தாங்கல் இருந்தால் காணிக்கையைப் பலிபீடத்திலேயே விட்டுவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்ற வசனத்தை அவர் நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டார். ஒப்புரவாகவில்லை, ஆகவே போகவில்லை. ஐயர் வீட்டுக்கு வந்து பேசிப் பார்த்தார். “பொய்யா முட்டுப் போடச் சொல்லுதீயளா ஐயரே?” என்று அப்பா கேட்டார். ஒரு சின்ன ஊர்க் கோயிலில், எல்லாரும் எழுந்து போகும்போது ஒருவன் மட்டும் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய காட்சி என்பது அந்தக் கோயில்களில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். நான்கு வருடம் உட்கார்ந்திருந்தார். அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. இன்று, அந்தக் கோயிலில் நற்கருணையை அவர் அளவுக்கு மதித்தவர்கள் எத்தனை பேர் என்று யோசிக்கிறேன்.

தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவான பிறகு அமைத்த நற்கருணை ஒழுங்கில் சமாதானம் வழங்குதல் என்ற பழைய வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். சுரியானிக் கிறிஸ்தவர்களிடமிருந்து எடுத்த முறை. ஐயரின் கைகளிலிருந்து தொடங்கி, ஒருவர் கூப்பிய உள்ளங்கைக்குள் அடுத்தவர் கை புகுந்து, பெஞ்சு பெஞ்சாகக் கீழே இறங்கி வரும். பிற்பாடு வேறு நாட்டுச் சபைகளும் இதைப் பார்த்துத் தங்கள் ஒழுங்குகளைத் திருத்திக்கொண்டன. எங்கள் கோயிலில் எப்போதாவதுதான் செய்வார்கள். அப்படி ஒரு நாள் நெரிசலில் நான் பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். பெரியப்பாவின் கை சுருட்டு வாசத்தோடு என் கையைப் பிடித்தது. நான் திரும்பி அப்பாவிடம் கொடுத்தேன். அப்பா வாங்கி, யாருக்கும் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் ஆள் இல்லை, அவர்தான் கடைசி.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் நானும் அந்தப் பிரசங்கிகளோடு சேர்ந்துவிடுவேன். நம் சபைகளில் மன்னிப்பு எப்போதும் மேலிருந்து கீழே கேட்கப்படுகிறது. குடித்துவிட்டு வந்து அடிக்கிற கணவனை மன்னித்து வீட்டுக்குப் போ என்று ஒரு பெண்ணிடம் சொல்லப்பட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அவள் கன்னம் அப்போதும் வீங்கியிருந்தது. அடித்தவனிடம் யாரும் வசனம் சொல்லவில்லை. சாதியிலும் இதே கதை. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சபைக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று எழுதியபோது, அதை ஏற்காமல் தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே போனார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவே எழுப்பிய சுவர் நம் காலத்துச் செய்தி. சுவரின் அந்தப் பக்கத்தவர்களிடம் போய் மன்னிப்பு, பொறுமை, அன்பு என்று பேச வாய் கூச வேண்டும். கடனாளி தன் கடனை ஒத்துக்கொள்ளாதபோது, கடன் கொடுத்தவனிடம் தள்ளுபடி கேட்பது வழிப்பறி.

மன்னித்தால் சட்டம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பதும் இல்லை. 1999 ஜனவரி 22ஆம் தேதி இரவு ஒடிசாவின் மனோகர்பூரில் மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸும் அவருடைய மகன்கள் 10 வயது பிலிப்பும் 6 வயது திமோத்தேயுவும் வண்டிக்குள்ளே வைத்து எரிக்கப்பட்டார்கள். அவருடைய மனைவி கிளாடிஸ் மன்னித்துவிட்டதாகச் சொன்னார். வழக்கு அதன் வழியில் நடந்தது. முதன்மைக் குற்றவாளிக்கு விசாரணை நீதிமன்றம் விதித்த மரண தண்டனையை 2005இல் உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது, உச்ச நீதிமன்றம் 2011இல் அதை உறுதிசெய்தது. கிளாடிஸ் மன்னிப்பைச் சொன்ன செய்தி உலகமெல்லாம் போயிற்று. என்னை அதிகம் தொடுவது அதற்குப் பின்னால் இருக்கிறது. மகளோடு அவர் பாரிபதாவிலேயே தங்கினார். 2004 வரை, கணவர் நடத்திய தொழுநோயாளர் இல்லத்து வேலையைப் பார்த்தார். அரிசி வாங்குவது, கட்டுத்துணி எண்ணுவது, மருந்துக் கணக்கு எழுதுவது. மன்னித்தேன் என்ற ஒரு சொல்லை அவர் ஐந்து வருடம் தினமும் காலையில் எழுந்து மறுபடி செய்திருக்க வேண்டும்.

மன்னித்தல் என்பதற்கு மத்தேயு பயன்படுத்தும் கிரேக்க வினை அஃபியேமி. விடுதல், விட்டுப்போதல். மீனவச் சகோதரர்கள் இயேசுவின் பின்னால் போவதற்காக வலைகளை விட்டார்கள் என்ற இடத்திலும் இதே வினைதான். வலையை விடுவது லேசான காரியமா? கடற்கரைக்காரனிடம் கேட்க வேண்டும். என் அறைத்தோழனின் அப்பாவுக்கு வலைதான் சொத்து, வலைதான் அதை வாங்கிய கடனும். நாளைக்கு என்ன என்று தெரியாமல் அதைக் கரையில் போட்டுவிட்டு நடப்பதற்கு ஏதோ ஒன்றின்மேல் நம்பிக்கை வேண்டும். கிரெடிட் என்ற சொல்லும், விசுவாசப் பிரமாணம் இலத்தீனில் தொடங்குகிற ‘கிரேதோ’வும் ஒரே வேரிலிருந்து வந்தவை. அப்பாவுக்கு இலத்தீன் தெரியாது. மழை பெய்யும், பனை சுரக்கும், அவன் வந்து தருவான் என்றுதான் அவர் ஒவ்வொரு வரியும் எழுதினார். பாதிதான் வந்தது.

அப்பா இறந்த பிறகு கடையை ஒழிக்கும்போது நோட்டுகள் ஒரு பிஸ்கட் டின்னில் கிடைத்தன. பெரியப்பாவின் பக்கத்தைத் தேடினேன். இருந்தது. மேலே 18,000. அடித்திருப்பார் என்று எதிர்பார்த்தேன் என்றே சொல்ல வேண்டும், அப்படித்தானே இந்த மாதிரிக் கதைகள் முடியும். அடிக்கவில்லை. பேனாவால் இரண்டாம் தடவையும் அழுத்தி எழுதியிருந்தார்.

அதற்குக் கீழே வேறொன்று இருந்தது. 1989 ஐப்பசியிலிருந்து, அதாவது சட்டையைப் பிடித்த அந்த வருடத்திலிருந்தே, மாதாமாதம்: அரிசி 10 படி. சீனி. தீப்பெட்டி. சீயக்காய். மண்ணெண்ணெய். பெரியம்மா பின்வாசல் வழியாகப் பிள்ளையை அனுப்பி வாங்கியிருக்கிறாள். முதல் சில மாதங்களுக்கு எதிரே விலை இருக்கிறது. பிறகு சாமான் மட்டும் இருக்கிறது, விலைக்கான இடம் காலியாக இருக்கிறது. பெரியப்பா சாகிற வருடம் வரைக்கும் அப்படியே.

அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

“காசு வாங்கப்போறதில்லன்னா பெறவு எதுக்கும்மா எழுதி வச்சிருக்காக?”

“எழுதாமக் குடுக்க உங்கப்பாவுக்கு எங்கய்யா தெரியும்” என்றாள். நோட்டை மூடி டின்னுக்குள் வைத்தாள்.